பட்டன் போனில் போகும் பணம்

“இணையமே இல்லாத பட்டன் போனில் கென்யாக்காரர்கள் எப்படிப் பணம் அனுப்புகிறார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எம்-பெசாவைத்தான் சொல்கிறார். சஃபாரிகாம் என்ற கென்யச் செல்போன் நிறுவனம் நடத்தும் பணம் அனுப்பும் சேவை அது.

போன் பக்கத்து வேலை எளிது. மெனு சிம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு என்று தட்டி ரகசிய எண்ணைப் போட்டால், பூட்டிய குறுஞ்செய்தியாக நிறுவனத்தின் கணினிக்குப் போகும். அங்கே ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் கூட்டுவார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது முகவர் கடைதான். நைரோபியில் ஒருவர் 1,000 ஷில்லிங் நோட்டாகக் கொடுக்கிறார். கடைக்காரர் தன் எம்-பெசா இருப்பிலிருந்து 1,000ஐ அவருடைய போனுக்கு மாற்றுகிறார். புதிதாக ஒரு ஷில்லிங்கூடப் பிறக்கவில்லை. போன்களில் தெரியும் மொத்தத் தொகைக்கும் ஈடான பணம் வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கிறது. பிறகு அந்த 1,000 ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போகிறது. அவர் பக்கத்துக் கடையில் அதை நோட்டாக வாங்கும்போது எல்லாம் தலைகீழ். நாள் முழுக்க இப்படியே நடந்தால் நகரக் கடையில் நோட்டு குவியும், போன் இருப்பு தீரும். கிராமக் கடையில் போன் இருப்பு குவியும், கல்லா காலியாகும். ஆகவே கிராமத்துக் கடைக்காரர் வங்கிக்குப் போய் இருப்பைக் கொடுத்து நோட்டு வாங்கி வந்தாக வேண்டும். இவ்வளவு கணினி இருந்தும், இந்த நடை நின்றால் அம்மாவின் பணம் போன் திரையிலேயே நிற்கும்!

வேடிக்கை என்னவென்றால், இது அம்மாவுக்கு அனுப்பச் செய்ததே இல்லை. 2005இல் தொடங்கிய சோதனை, குறுங்கடன் தவணையைப் போனில் கட்டுவதற்காக. ஆனால் மக்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். சிலர் கிளம்பும் ஊரில் கட்டிவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்தார்கள். வழிப்பறி பயம் இல்லை பாருங்கள். சஃபாரிகாம் அவர்களைத் திருத்தப் பார்க்கவில்லை. 2007 மார்ச்சில் ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்றே விளம்பரம் செய்து சேவையைத் தொடங்கியது.

அந்தச் சோதனைக்குப் பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறையும் பணம் கொடுத்தது. திட்டங்களுக்கு நிதி கொடுக்கும் நம்மூர்க் குழுக்களில் என்றால் ‘கடன் வசூல் இலக்கு எட்டப்படவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். விண்ணப்பத்தில் இல்லாதது நடந்தால் அதை எழுத அந்தப் படிவங்களில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.