சுவிட்சுக்குள் தொலையும் நானோ விநாடிகள்

இரண்டு கடிகாரங்களை ஒத்து ஓடவைப்பது எளிது போலத் தோன்றும். ஒன்று நேரத்தைச் சொல்ல, மற்றது கேட்டுத் திருத்திக்கொண்டால் போதாதா? போதாது. சொன்ன நேரம் கம்பி வழியே வந்துசேர்வதற்குள் பழசாகிவிடுகிறது.

வலையமைப்பில் இப்படி வழியில் கழிந்த நேரத்தைக் கண்டுபிடிக்கும் நெறிமுறைதான் பி.டி.பி. (பிரிசிஷன் டைம் புரோட்டோகால்). 2002இல் ஐ.இ.இ.இ. 1588 என்ற தரநிலையாக வந்தது. 2008இலும் 2019இலும் திருத்தப்பட்டது. கணினிகள் நேரத்துக்கு வழக்கமாக நம்பியிருக்கும் என்.டி.பி. என்ற நெறிமுறை பெரும்பாலும் மில்லி விநாடி அளவோடு நின்றுவிடும். பி.டி.பி. மைக்ரோ விநாடிக்கும் கீழே இறங்கும்.

கணக்கு அழகானது. தலைமைக் கடிகாரம் 100 என்ற நேரத்தில் ஒரு செய்தி அனுப்புகிறது. அது வந்தபோது நம் கடிகாரம் 107 காட்டுகிறது. நாம் 110இல் பதில் அனுப்ப, அங்கே 113இல் போய்ச் சேர்கிறது. போக 7, வர 3. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பயண நேரம் 5; கழித்துப் பாதியாக்கினால் நம் கடிகாரம் 2 முந்தி ஓடுகிறது. நான்கே எண்களில் இரண்டு விடைகள்!

ஆனால் இதற்கு அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: போகவும் வரவும் ஒரே அளவு நேரம் பிடிக்கும் என்பது. அதைக் கெடுப்பது, வலையமைப்பில் செய்திகளை வாங்கி உரிய சாதனத்துக்கு அனுப்பிவைக்கும் பெட்டியான சுவிட்ச்தான். முதல் செய்தி சுவிட்சின் வரிசையில் 4 அலகு காத்திருந்தது என்று வையுங்கள். 7 என்பது 11 ஆகிவிடும். 2 முந்தியிருக்கும் கடிகாரத்தை 4 முந்தியதாக நினைத்துப் பின்னுக்கு இழுத்துவிடுவோம். காத்திருப்பில் பாதி அப்படியே பிழையாகிறது. நெரிசல் கணத்துக்குக் கணம் மாறுவதால் பிழையும் மாறிக்கொண்டே இருக்கும்.

பி.டி.பி. தெரிந்த சுவிட்ச் இதை இரண்டு வழிகளில் சரிசெய்யும். 'டிரான்ஸ்பரன்ட் கிளாக்' ஆக அமைத்தால், செய்தி தன்னிடம் தங்கிய நேரத்தை அளந்து அந்தச் செய்தியிலேயே அதற்கென உள்ள இடமான திருத்தப் புலத்தில் கூட்டிவிடும். 'பவுண்டரி கிளாக்' ஆக அமைத்தால், ஒரு போர்ட்டில் (கம்பி செருகும் வாயில்) நேரத்தைக் கற்றுக்கொண்டு மற்ற போர்ட்களில் தானே தலைமை ஏற்கும். எதுவானாலும் செய்தி வந்த, போன நேரத்தைக் குறிக்கும் நேரமுத்திரையை வன்பொருளே இட வேண்டும். மென்பொருளிடம் விட்டால் அதன் தாமதமே கணக்கைக் குலைக்கும்.

அமைக்கும்போது, ஒரே நேரத்தைப் பகிரும் குழுவைக் குறிக்கும் டொமைன் எண் எல்லாச் சாதனங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தாமதத்தை அளக்கும் முறை ஒவ்வோர் இணைப்பின் இரு முனைகளிலும் பொருந்த வேண்டும். நான் மிகவும் கவனிக்கச் சொல்வது 'பிரையாரிட்டி 1' என்ற எண்ணை. யார் தலைமை என்ற தேர்வில் முதலில் ஒப்பிடப்படுவது இதுதான். சிறிய எண்ணே வெல்லும், இயல்பு மதிப்பு 128. கடிகாரத்தின் தரம் அதற்குப் பிறகே பார்க்கப்படும். ஆகவே ஏதோ ஒரு சாதாரண சுவிட்சில் யாராவது 100 என்று போட்டுவிட்டால், 128இல் இருக்கும் ஜி.பி.எஸ். கடிகாரமும் தலைமையை விட்டு ஒதுங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராமல் வலையமைப்பு முழுவதும் ஒற்றுமையாகத் தவறான நேரத்தில் ஓடும்.

இன்னொரு பிழையை நெறிமுறையால் பிடிக்கவே முடியாது. ஒளியிழையில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோ விநாடி. போகும் இழை வரும் இழையைவிட 10 மீட்டர் நீளமென்றால் 50 நானோ விநாடி வேறுபாடு. அதில் பாதி, 25, நிரந்தரப் பிழை. அதை ஒருவர் கருவி வைத்து அளந்து, அந்தப் போர்ட்டின் அமைப்பில் கையால் எழுதித்தான் தீர்க்க வேண்டும்.