பழைய மரவீடுதானேன்னு இடிச்சுடாதீங்க

மெல்போர்ன்ல வீடு தேடுற நம்ம ஆளுங்க எனக்கு ஃபோன் போட்டா முக்காவாசி இதான் கேக்குறாங்க, "சார், ஃபுட்ஸ்க்ரேல ஒரு பழைய மரவீடு வருது, வீடு சுமார்தான் ஆனா இடம் நல்ல இடம், இடிச்சிட்டு ரெண்டு மாடி கட்டிக்கலாம்ல?" பழைய கட்டடங்களப் பாத்து ரிப்போர்ட் எழுதுறதுதான் என் தொழில், அதனால நான் திருப்பிக் கேக்குறது, அந்த இடத்துக்கு ஹெரிட்டேஜ் ஓவர்லே, அதாவது பழைய கட்டடங்களக் காப்பாத்துறதுக்கான கட்டுப்பாடு, இருக்கான்னு பாத்தீங்களா? இருந்தா பெர்மிட் இல்லாம இடிக்க முடியாது, வெளிப்பக்கத்த மாத்தவும் முடியாது. இத கையெழுத்து போட்டப்புறம் தெரிஞ்சுக்கிட்டு அழுதவங்கள நான் பாத்திருக்கேன்.

"இந்த வீட்ல என்ன சார் ஹெரிட்டேஜ்?" நியாயமான கேள்விதான். நாலு ரூம், ஓரமா ஒரு நடை, தகரக் கூரை, முன்னாடி ஆறடி வெராண்டா, அவ்ளோதான். 1850கள்ல தங்கம் கிடைச்சு ஊர் பெருத்துச்சு, 1880கள்ல நிலம் நிலம்னு ஒரே வெறி, 1890கள் ஆரம்பத்துல எல்லாம் சரிஞ்சு பேங்குகளே கதவ சாத்துச்சு. அந்த ஏத்தத்துல ஃபேக்டரியில, ரயில்வேயில உழைச்சவங்க குடியிருந்த வீடுங்க இதெல்லாம். பணக்காரன் மாளிகைய யாராவது காப்பாத்திடுவாங்க, இத யாரு காப்பாத்துவா?

கிட்டப் போய் முன்சுவர விரலால தடவிப் பாருங்க. பக்கச் சுவர்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறின சாதா பலகை, ஆனா தெருவப் பாத்த சுவர்ல மட்டும் பல வீடுகள்ல பலகையில காடி வெட்டி, செதுக்கின கல்ல அடுக்கி வச்ச மாதிரி காட்டியிருப்பாங்க. கல்லுல கட்ட காசு இல்ல, ஆனா தெருவுல போறவங்க கண்ணுக்கு கல்வீடா தெரியணும்னு ஒரு ஆசை. எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அந்த இடத்துல மனசு நின்னுடும்.

போன வருஷம் ஒரு குடும்பம், பில்டர் "எல்லாம் உளுத்துப்போச்சு"ன்னு சொன்னத நம்பி முன்பலகை, ஜன்னல் எல்லாத்தையும் பிடுங்கி குப்பைத்தொட்டியில போட்டுட்டாங்க, பெர்மிட்டும் வாங்கல. கவுன்சில் நோட்டீஸ் வந்தப்புறம்தான் என்னக் கூப்பிட்டாங்க. தொட்டிய கிளறிப் பாத்தா அடியில இருந்த ரெண்டு பலகைதான் உளுத்திருக்கு, அதுவும் தோட்டத்து மண்ண ஏத்திப் போட்டு தரைக்கடியில காத்து போற ஓட்டைய அடைச்சதால. மீதி பலகை கிண்ணுன்னு இருக்கு. மேல கீழ ஏத்தி இறக்குற அந்த ஜன்னலோட இரும்பு எடைக்கட்டை கயிறோட அப்படியே கிடக்கு, புதுக்கயிறு மாத்தியிருந்தா போதும்.

தரை சாஞ்சிருக்கு, கதவு மாட்டுதுன்னாலும் பயப்படாதீங்க, பெரும்பாலும் அடியில தாங்குற ரெட் கம் மரக் கட்டைங்க உளுத்திருக்கும், வீட்டத் தூக்கி கட்டைய மாத்துறது இங்க சாதாரண வேலை. ஒண்ணே ஒண்ணு, பழைய பெயின்ட்ட உலர்வா மட்டும் தேய்க்காதீங்க, ஈயம் இருக்கும், வீட்ல குழந்தைங்க இருந்தா ரொம்ப ஆபத்து. உள்பக்கத்துக்கு பெரும்பாலும் கட்டுப்பாடு கிடையாது, தெருவுலேர்ந்து தெரியாத மாதிரி பின்னாடி புதுசா சேத்துக் கட்டவும் பல இடத்துல பெர்மிட் கிடைக்கும், ஆக மாடர்ன் கிச்சன் வேணும்னா முன் ரெண்டு ரூமத் தொடாமலே பண்ணலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி விக்டோரியா ஸ்டேட் லைப்ரரி வெப்சைட்ல அந்தக் காலத்து சாக்கடை வாரியம் வரைஞ்ச மேப்ப தேடுங்க, 1890கள்லேர்ந்து வரைஞ்சது, இலவசம்தான். ஒவ்வொரு வீடும், வெராண்டாவும், கொல்லைப்புறத்து கக்கூஸும்கூட கோடு போட்டிருக்கும். ஃபுட்ஸ்க்ரே வீடு கேட்டாரே, அவருக்கு அத எடுத்துக் காட்டினேன். இப்ப வெறும் சிமென்ட் படியா இருக்குற இடத்துல முழு வெராண்டா வரைஞ்சிருந்துச்சு. அவர் மனைவி அத ஃபோன்ல பெருசு பண்ணிப் பாத்துட்டு, "இத மறுபடி கட்ட எவ்ளோ ஆகும் சார்?"னு கேட்டாங்க. இப்ப பெர்மிட்டுக்கு டிராயிங் போட்டுட்டு இருக்கோம்.