பள்ளிக் கணினி ஆய்வகம்: பணம் எதற்கு வருகிறது, பொறுப்பு யாருடையது

பள்ளிகளில் கணினி ஆய்வகம் அமைப்பதற்கான மத்திய அரசின் உதவி 2004 டிசம்பரில் தனித் திட்டமாகத் தொடங்கியது. பின்னர் இடைநிலைக் கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 2018 முதல் ‘சமக்ர சிக்‌ஷா’ எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒரு கூறாக இருந்து வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்தும் அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் இதன் வரம்புக்குள் வருகின்றன. ஆய்வகத்தை அமைக்க ஒரு பள்ளிக்கு ஒரே தடவையாக 6.40 லட்சம் ரூபாய் வரையிலும், அதை நடத்துவதற்கு ஆண்டுக்கு 2.40 லட்சம் ரூபாய் வரையிலும் ஐந்து ஆண்டுகளுக்கு வழங்க வழிகாட்டு நெறிமுறை இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் இச்செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்க வேண்டும்.

இதில் ‘வரை’ என்ற சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. அது உச்சவரம்பைத்தான் குறிக்கிறது; ஒவ்வொரு பள்ளியின் வங்கிக் கணக்கிலும் அந்தத் தொகை அப்படியே வந்து சேரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. மாநில அளவில் கொள்முதல் நடக்கும்போது பள்ளிக்குக் கருவியாகவும் இணைய இணைப்பாகவும் பராமரிப்பு ஒப்பந்தமாகவுமே உதவி வந்து சேரும். தமிழ்நாட்டில் ‘ஹைடெக் லேப்’ என்று எல்லோரும் சொல்லும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள், முதற்கட்டத்தில் 3,090 உயர்நிலைப் பள்ளிகளிலும் 2,939 மேல்நிலைப் பள்ளிகளிலும் இப்படித்தான் அமைக்கப்பட்டன. பின்னர் நடுநிலைப் பள்ளிகளுக்கும் அவை வந்தன. ஆகவே ‘லேப்புக்கு வந்த பணம் எங்கே’ என்று தலைமையாசிரியரிடம் கேட்பதைவிட, வந்த கருவிகளின் பட்டியலையும் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் நாளையும் கேட்பதே பயன் தரும்.

ஒப்பந்தத்துக்குள் அடங்காத சில்லறைச் செலவுகளுக்கு அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தைப் பயன்படுத்தலாம். மாணவர் எண்ணிக்கை 30 வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது திட்டத்தில் உள்ள அளவு. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு ஒதுக்கப்பட வேண்டும். மின் கட்டணம், இணையக் கட்டணம், பழுதான பொருளுக்கு மாற்று ஆகியவற்றுக்கு இந்த மானியத்தில் இடமுண்டு என்பதால், ஒரு மவுஸ் வாங்குவதற்காக மாதக்கணக்கில் மேலிட ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வகம் கணினி ஆசிரியருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பல பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. கணினி அறிவியல் பாடமே இல்லாத ஆறாம் வகுப்பு மாணவருக்கும் இந்த அறையில் பங்கு உண்டு. கருவிகள் போதவில்லை என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் கணினிகள் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு நாற்பது பேர் என்று கொள்வோம். கணினிக்கு இருவராக அமர்ந்தால் ஒரு நேரத்தில் இருபது பேர் உட்காரலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்தால் வகுப்புக்கு இரண்டு பாடவேளை வேண்டும். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து வாரத்துக்குப் பத்துப் பாடவேளைதான் ஆகிறது. நாளுக்கு எட்டு வீதம் வாரத்தில் நாற்பது பாடவேளை இருக்கும்போது, அறை பூட்டிக் கிடப்பதற்குக் கருவிப் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது. மீதிப் பாதி வகுப்பை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் உண்மையான சிக்கல். அதற்கு விடை பள்ளியின் பொதுக் கால அட்டவணையில்தான் கிடைக்கும், ஆய்வகத்தில் கிடைக்காது. இணையவழி மதிப்பீட்டுத் தேர்வுகள் நடக்கும் நாட்களில் எந்த வகுப்பின் நேரம் பறிபோனது என்பதையும் அட்டவணையின் ஓரத்தில் குறித்து, அடுத்த வாரம் ஈடு செய்ய வேண்டும்.

இருவர் அமரும் கணினியில் மவுஸ் பெரும்பாலும் ஒரே கையில்தான் இருக்கும். மற்றவர் வேடிக்கை பார்ப்பார். பாடவேளையின் நடுவில் இடம் மாறச் சொல்வது செலவில்லாத ஏற்பாடு.

பதிவேடுகள் இரண்டு போதும். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு கருவியின் தயாரிப்பு வரிசை எண்ணும் அது வைக்கப்பட்டுள்ள மேசையின் எண்ணும் இருக்க வேண்டும். பயன்பாட்டுப் பதிவேட்டில் நாள், வகுப்பு, பாடவேளை, கண்ட குறை ஆகியவற்றை எழுதி, அழைத்துச் சென்ற ஆசிரியர் கையொப்பமிட வேண்டும். ‘ஏழாம் எண், ஹெட்போனில் இடப்பக்கம் கேட்கவில்லை’ என்று அன்றே எழுதப்பட்ட ஒரு வரி, ஆண்டு இறுதியில் ‘பல கருவிகள் பழுது’ என்று அனுப்பும் கடிதத்தைவிட வலுவானது. புகார் அளித்தவுடன் கிடைக்கும் எண்ணையும் அதே வரியில் குறித்துவைக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியாரைக் கொண்டு பெட்டியைத் திறந்தால், உத்தரவாதம் மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடும். கோடை விடுமுறையில் யூபிஎஸ் பேட்டரி சார்ஜ் இறங்கி வீணாவதும் எலி கேபிளைக் கடிப்பதும் வழக்கம் என்பதால், விடுமுறையிலும் அவ்வப்போது அறையைத் திறந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்க ஒருவரை எழுத்து மூலம் நியமிப்பது நல்லது.

பொதுக் கணினியில் ஆசிரியர், பள்ளி மற்றும் மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்துக்குள் நுழைந்துவிட்டு வெளியேறாமல் எழுந்து போனால், அடுத்து அமரும் மாணவர் முன் பள்ளியின் விவரங்கள் முழுவதும் திறந்து கிடக்கும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாள்வதில் கூடுதல் கவனத்தையும் கோருகிறது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும் பழக்கத்தை உடனே கைவிட வேண்டும். மாணவர்களுக்கு நிர்வாக உரிமையற்ற தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கித் தருவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இருந்தால், விலையின்றிக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் மென்பொருளை ஒரு கணினியிலாவது நிறுவ வேண்டும். அது தமிழையும் வாசிக்கும்.

இவையெல்லாம் நடக்கின்றனவா என்று பார்க்கும் அதிகாரம் பெற்றோருக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளியின் செயல்பாட்டையும் மானியப் பயன்பாட்டையும் கண்காணிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அளிக்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். கூட்டத்தில் பயன்பாட்டுப் பதிவேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லி, அதைத் தீர்மானப் பதிவேட்டிலும் எழுதச் சொல்லலாம். அங்கு விடை கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவேட்டின் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் அளிக்க வேண்டும்.

காலாவதியான கணினிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடப் பள்ளிக்கு உரிமை இல்லை. உரிய அலுவலரின் ஆணை பெற்றுக் கழிவு நீக்கம் செய்து, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவற்றை முழுமையாக அழித்து, அழித்தவரின் பெயரையும் நாளையும் இருப்புப் பதிவேட்டில் அந்தக் கருவியின் வரிசை எண்ணுக்கு நேராக எழுதிக் கையொப்பம் பெற வேண்டும்.