ஓக் மரத்தில் கை வைப்பதற்கு முன், அப்பிள் கன்று நடுவதற்கு முன்

"சனிக்கிழமை மரம் வெட்ட ஆட்கள் வருகிறார்கள் தம்பி, அதற்கு முன் நீங்கள் ஒருதடவை வந்து பார்த்தால் நல்லது." கடந்த செப்ரெம்பரில் ஹரோவிலிருந்து ஓர் ஐயா இப்படி அழைத்தார். வீடு 1930களில் கட்டியது. பின்வளவின் வேலியோரம் நிற்கும் ஓக்கின் அடிமரத்தை ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாது. அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய நாளிலேயே அது பெரிய மரமாகத்தான் நின்றிருக்கும். பின் அறை யன்னலின் மூலையிலிருந்து சுவரில் சரிவாக ஒரு வெடிப்பு ஏறிப்போயிருந்தது. கீழே தலைமுடி அளவு, மேலே ஒரு பவுண் நாணயத்தை விளிம்புப் பக்கமாகச் செருகலாம். "வேர் வந்து அத்திவாரத்தை முட்டித் தள்ளுகிறது" என்றார் ஐயா. பக்கத்தில் நின்ற மைத்துனரும் தலையாட்டினார்.

வீடு வாங்குபவர்களுக்காகக் கட்டடத்தைப் பரிசோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். வடமேற்கு லண்டனில் நம்மவர் வீடுகளில் இந்த "முட்டித் தள்ளும் வேர்" கதையைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

வேர் வீட்டைத் தள்ளுவதில்லை. நடைபாதைக் கல்லைத் தூக்கும், ஒற்றைச் செங்கல் மதிலைச் சாய்க்கும், ஏற்கனவே ஒழுகும் கழிவுநீர்க் குழாயின் மூட்டுக்குள் புகுந்து அடைக்கும். இரண்டு மாடி வீட்டின் பாரத்தை நகர்த்த அதற்குப் பலம் கிடையாது. அது செய்வது ஒன்றுதான்: தண்ணீர் குடிக்கிறது. ஹரோ, வெம்பிளிப் பக்கங்களில் வீடுகளுக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது லண்டன் களி எனப்படும் களிமண். வன்னியில் வற்றிய குளத்தடி கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. களிமண் காய்ந்தால் சுருங்கும். கோடை முழுவதும் மரம் இலைவழியே நீரை வெளிவிட, வேர் மண்ணிலிருந்து நீரை இழுக்க, அத்திவாரத்துக்கு அடியிலுள்ள களி சுருங்கி இறங்குகிறது. அந்தக் காலத்து வீடுகளின் அத்திவாரம் பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லை. மண் இறங்கிய மூலை மண்ணோடு சேர்ந்து இறங்கும், மற்ற மூலை நிற்கும், நடுவில் சுவர் கிழியும். அதனால்தான் இந்த வெடிப்புக் கோடை முடிவில் அகன்று, மழைக்காலம் முடிய ஓரளவு ஒடுங்குகிறது. தள்ளுகிற வேர் மாரியில் பின்வாங்கிப் போகுமா?

இதே தவறான எண்ணத்தின் மறுபக்கமும் இருக்கிறது. "தோண்டிப் பார்த்தோம், தடித்த வேர் ஒன்றும் இல்லை, ஆகவே மரம் காரணமில்லை" என்பார்கள். தண்ணீரை உறிஞ்சுவது கைத்தடிப்பு வேர் அல்ல, நூல் போன்ற வேர். அதைக் கண்ணால் தேடிப் பயனில்லை. மண் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எந்த மரத்தின் வேர் என்றே சொல்லிவிடுவார்கள்.

ஆகவே முதல் கேள்வி மரத்தைப் பற்றியது அல்ல, மண்ணைப் பற்றியது. தெற்குக் குரொய்டனின் சுண்ணாம்புப் பாறைமேல் நிற்கும் வீட்டுக்குப் பக்கத்தில் அதே அளவு ஓக் நின்றாலும் இந்தக் கதை நடக்காது, ஏனென்றால் அந்த நிலம் களிபோலச் சுருங்குவதில்லை. பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வகத்தின் மண், பாறை வரைபடத்தை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வீட்டுக்கு அரை மில்லியன் பவுண் கொடுக்கிறவர்கள் அதற்கு ஐந்து நிமிடம் கொடுக்க மாட்டார்களா?

களி என்று தெரிந்த பிறகு மரத்துக்கு வருவோம். புதிய வீடுகளுக்கு உத்தரவாதம் வழங்கும் என்.எச்.பி.சி. அமைப்பு, மரங்களுக்குப் பக்கத்தில் அத்திவாரம் எவ்வளவு ஆழமாக இருக்கவேண்டும் என்பதற்காக மரங்களை நீர்த்தேவைப்படி பிரித்திருக்கிறது. ஆங்கிலேய ஓக் அதிக நீர் கேட்கும் வகை, வளர்ந்த உயரம் 20 மீட்டர். மண்ணைக் காயவைக்கும் இந்த வகையின் செல்வாக்கு உயரத்தின் ஒன்றேகால் மடங்கு தூரம் வரை, அதாவது 25 மீட்டர். அப்பிள் நடுத்தர வகை. உயரம் 10 மீட்டர், செல்வாக்கு உயரத்தின் முக்கால் மடங்கு, அதாவது ஏழரை மீட்டர். ஹரோவில் பல வீடுகளுக்குப் பின்வளவின் நீளமே 25 மீட்டர் வராது. (25 மீட்டருக்குள் நிற்கும் எல்லா ஓக்கும் வீட்டைக் கெடுக்கும் என்று இதை வாசிக்காதீர்கள். அந்த வட்டத்துக்குள் நூறு வருடமாக ஒரு கீறலும் இல்லாமல் நிற்கும் வீடுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.)

சரி, ஓக்தான் காரணம் என்றால் வெட்டிவிடலாமே? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது இங்கேதான். மரம் முந்தியதா, வீடு முந்தியதா என்று முதலில் கேளுங்கள். வீடு முந்தியது, மரம் பிறகு வந்தது என்றால், மரத்தை எடுத்தபின் களி மீண்டும் ஈரமாகிப் பழைய மட்டத்துக்கு வரும். பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் மரம் முந்தியது என்றால் அந்த வீடு ஏற்கனவே காய்ந்து சுருங்கிய களியின்மேல் கட்டப்பட்டது. மரத்தை எடுத்தால் களி தண்ணீரைக் குடித்து ஊதும், வீட்டைத் தூக்கும். சில வீடுகளில் அது பல வருடங்களுக்கு நீளும். இறங்கிய சுவரைவிடத் தூக்கிய சுவரைத் திருத்துவது கடினம், செலவும் கூட. ஹரோ ஐயாவின் ஓக் இந்த இரண்டாவது வகை. சனிக்கிழமை ஆட்களை நிறுத்தச் சொன்னேன். முன்பணம் போய்விடுமே என்று கவலைப்பட்டார்.

அதோடு சட்டமும் இருக்கிறது. பெரிய ஓக் மரங்கள் பலவற்றுக்குக் கவுன்சிலின் மரப் பாதுகாப்பு ஆணை உண்டு. அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம், அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. மரம் உங்கள் காணியில் நிற்கிறது என்பது சமாதானம் ஆகாது. ஆணை இல்லாவிட்டாலும், உங்கள் தெரு மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள் வந்தால் ஆறு வாரம் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் வரும். "வார இறுதியில் வெட்டினால் யாருக்குத் தெரியும்" என்று சொல்லும் மரவெட்டியை வீட்டு வாசலில் ஏற்றாதீர்கள்.

வெடிப்பைக் கண்டால் செய்யவேண்டியதைக் கேளுங்கள். பூசி மறைக்காதீர்கள். அளவுகோலை வைத்துத் திகதியோடு படம் எடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் எடுங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள். நிலம் இறங்குவதற்கான காப்புறுதி இந்த நாட்டில் 1971 முதல் வீட்டுக் காப்புறுதியோடு வருகிறது. 1976 வறட்சியில்தான் அதன் அருமை எல்லோருக்கும் விளங்கியது. முதல் 1,000 பவுண் வழக்கமாக உங்கள் கையிலிருந்து போகும், மிச்சம் அவர்கள் பொறுப்பு. நீங்களே முந்திக்கொண்டு மரத்தை வெட்டிவிட்டால் உங்கள் பக்கத்துச் சாட்சியையும் வெட்டிவிடுகிறீர்கள். பல சந்தர்ப்பங்களில் மரத்தின் கிளைப்பரப்பைக் கணிசமாகக் குறைத்து, அதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்தாலே போதும். பூச்சு வெடித்த மயிரிழைக் கீறலுக்கெல்லாம் என்னைக் கூப்பிடவும் வேண்டாம்.

இனி புதிதாக மரம் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு. அப்பிள் வையுங்கள், தாராளமாக. ஆனால் கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டு முளைத்ததை வைக்காதீர்கள். தாய்ப் பழம் போலப் பழம் தராது. எவ்வளவு உயரம் போகும் என்பதும் உங்கள் கையில் இல்லை. அப்பிளின் பருமனைத் தீர்மானிப்பது ஒட்டுக்கட்டிய அடிக்கன்று, அதாவது வேரோடு கீழே இருக்கும் கன்று. கென்ற்றின் ஈஸ்ட் மோலிங் ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே எண்போட்ட அடிக்கன்றுகளைத் தந்திருக்கிறது, கன்றின் சிட்டையில் எழுதியிருப்பார்கள். எம்9 என்றால் இரண்டு, மூன்று மீட்டர். ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும். எம்எம்106 என்றால் நான்கு மீட்டரளவு. சாதாரணப் பின்வளவுக்கு இதுவே போதும். எம்25 பெரிய மரமாகும்; அது பழத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, உங்களுக்கு அல்ல. சிட்டை இல்லாத கன்றை மலிவு என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். குட்டை அடிக்கன்று என்றாலும் சுவரோடு ஒட்டி நடாமல் நான்கைந்து மீட்டர் விடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை இலையில்லாத காலத்தில் வெறும் வேரோடு விற்கும் கன்று மலிவு, நன்றாகவும் பிடிக்கும். பிங்க் லேடிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள்; இங்குள்ள கோடை அதற்குப் போதாது. கொக்ஸ், டிஸ்கவரி போன்றவற்றைப் பாருங்கள். பிராம்லி என்னும் சமையல் அப்பிளின் மகரந்தம் மற்ற அப்பிள் மரம் காய்க்க உதவாது, அதைத் தெரிந்து வாங்குங்கள்.

ஓக்கை வெறுத்து நான் இதை எழுதவில்லை. இந்த நாட்டில் 2,300க்கு மேற்பட்ட உயிரினங்கள் அந்த மரத்தை நாடி வாழ்கின்றன. பூங்காவில் அதன் நிழலில் இருங்கள். மே முதல் யூலை வரை அடிமரத்தில் வெள்ளைப் பட்டுக்கூடும் வரிசையாக ஊரும் மயிர்க்கொட்டிகளும் தெரிந்தால் மட்டும் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். 2006இல் லண்டனில் முதலில் காணப்பட்ட ஓக் ஊர்வலப் புழு அது. அதன் மயிர் பட்டால் தோல் தடிக்கும், கண் எரியும், சிலருக்கு மூச்சும் முட்டும். கூட்டைத் தொடாமல் வனத்துறை ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள்.

கடைசியாக, இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் பொறுக்கிவரும் ஓக் கொட்டைகள். தயிர்க் கோப்பையில் முளைக்கவைத்து, வசந்தத்தில் அம்மம்மா அதை வேலியோரம் ஊன்றிவிடுகிறார். சில பறவைகளும் அணில்களும் புதைத்து மறந்தவை வேறு. முதல் காய் காய்க்கவே நாற்பது வருடமளவு செல்லும் மரம் அது. அதற்குள் வீடு இரண்டு மூன்று கை மாறிவிடும், வெடிப்பு யாரோ ஒருவர் தலையில் விடியும். கன்று பென்சில் பருமனில் இருக்கும்போதே மண்ணோடு கிளப்பிச் சாடியில் வையுங்கள். பிறகு இடமுள்ள பாடசாலைக்கோ காணி வைத்திருக்கும் நண்பருக்கோ கொடுத்துவிடுங்கள். அம்மம்மா கோபித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.