‘சிஸ்டிகோலா’: தமிழில் கதிர்க்குருவி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பக்கம் கரும்புத் தோட்டங்களை ஒட்டிய புல்வெளியில் ‘ஸிட்… ஸிட்…’ என்று கத்திக்கொண்டே ஒரு பொடிக் குருவி பறக்கும். நேராகப் போகாது, எழும்பித் தாழ்ந்து, மறுபடி எழும்பும். ஒவ்வொரு எழும்பலுக்கும் ஒரு ‘ஸிட்’. எடை சுமார் 10 கிராம்தான். அறிவியல் பெயர் சிஸ்டிகோலா ஜுன்சிடிஸ்.

‘கிஸ்தோஸ்’ என்பது மத்தியதரைக் கடலோரப் புதர்ச்செடி ஒன்றின் கிரேக்கப் பெயர். லத்தீனில் ‘கோலா’ என்றால் குடியிருப்பது. ஆக, அந்தப் புதரில் வாழ்வது என்று பொருள். ஜெர்மானியரான காவுப் 1829இல் இந்தப் பேரினத்துக்கு இட்ட பெயர் இது. அந்தச் செடியோ தென்னாப்பிரிக்காவின் சொந்தச் செடியே அல்ல. ‘ஜுன்சிடிஸ்’ பரவாயில்லை, கோரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குருவி வாழ்வதும் புல்லிலும் கோரையிலும்தான். புல் தாள்களைச் சிலந்தி நூலால் இழுத்துக் கட்டி, வாய் மேலே பார்த்திருக்கும் புட்டி மாதிரிக் கூடு பின்னும்.

முன்பு இதை சில்வியிடே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு சிஸ்டிகோலிடே தனிக் குடும்பமானது. நம் தையல்சிட்டும் அதே குடும்பம்தான். சிஸ்டிகோலா பேரினத்தில் மட்டும் ஏறக்குறைய 50 இனங்கள். பலவற்றைக் குரலை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் டிங்க்டிங்கி, குளோப்குளொப்பி என்று ஓசையே பெயராகிவிட்டது. நம் குருவி அந்த மொழியில் ‘லாண்டரெய்குளோப்குளொப்பி’. ‘லாண்டரெய்’ என்றால் விளைநிலம்.

தமிழ்நாட்டில் இதற்கு வழங்கும் பெயர் விசிறிவால் கதிர்க்குருவி. இந்தப் பெயரில் கதிர் என்பதை நெற்கதிர், தினைக்கதிர் என்றே நான் கொள்கிறேன். இரண்டு மொழியும் விளைநிலத்தில் வந்து சேர்கின்றன! 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் விட்டுவந்த வயல்களிலும் இதே இனம்தான் பறக்கிறது. ஆகவே டர்பன் தமிழருக்குப் புதுப் பெயர் தேட வேண்டியதில்லை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு. பிரினியா பேரினத்தையும் தமிழில் கதிர்க்குருவி என்றே சொல்கிறோம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அதில் பிழையில்லை. முன்னால் ஓர் அடைமொழி கட்டாயம் வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், ஈரநிலங்களில் வாழும் ‘ஃப்ளெய்டிங்க்டிங்கி’ இருக்கிறது, அறிவியல் பெயர் சிஸ்டிகோலா டின்னியன்ஸ். ‘ஃப்ளெய்’ சதுப்பு நிலம், ‘டின்னியன்ஸ்’ கிணுகிணுப்பது. இது தமிழ்நாட்டில் இல்லாத பறவை. ஆகவே பெயர் வைக்க வேண்டியவர்கள் தென்னாப்பிரிக்கத் தமிழர்தான். சதுப்புக் கதிர்க்குருவி என்பது என் பரிந்துரை.