450 வாட் என்று எழுதியிருந்த எஸ்எம்பிஎஸ்

போன மே மாதம் என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். விண்டோஸ் நல்லா ஓடுது, படமும் பாக்க முடியுது. கேம் ஆரம்பிச்சா ரெண்டே நிமிஷத்துல சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகுது. கார்டு போயிடுச்சா?"

கார்டு போகவில்லை. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கணக்கு. 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 192 வாட்தான் வருகிறது.

அவன் போட்டிருந்தது ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. அது ஒன்றே 170 வாட் கேட்கும். ஐ5-12400எஃப் புராசஸர் முழு வேகத்தில் ஓடினால் 117 வாட் வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்து 287 வாட், அதுவும் கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே. போதாததற்கு, கார்டில் மாட்ட வேண்டிய 8 பின் வயர் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லாததால் கடையில் பழைய 4 பின் மோலக்ஸ் வயரை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். கன்வெர்ட்டர் தேவைப்படுகிறது என்றாலே அந்த எஸ்எம்பிஎஸ் இந்தக் கார்டுக்காகச் செய்யப்படவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் லேபிளில் போட்ட 450-இல் மீதி வாட் எங்கே போனது? பழைய கம்ப்யூட்டர்களில் புராசஸருக்கான மின்சாரம் 5 வோல்ட்டிலிருந்தும் 3.3 வோல்ட்டிலிருந்தும் போனது. புராசஸரின் பசி கூடக் கூட அது சரிப்படவில்லை. 170 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் 34 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 14 ஆம்பியர் போதும். ஆம்பியர் குறைந்தால் வயர் சூடாவதும் குறையும். அதனால் 2000-க்குப் பிறகு கனமான வேலை எல்லாம் 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. இன்று மற்ற இரண்டிலும் யூஎஸ்பி, எஸ்எஸ்டி மாதிரி சில்லறைச் செலவுதான். மலிவான எஸ்எம்பிஎஸ்கள் இன்னும் அந்தப் பழைய பங்கையும் கூட்டித்தான் பெரிய எண்ணைப் போடுகின்றன. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கட்டத்தில் மட்டுமே 45 ஆம்பியர் இருக்கும், அதாவது 540 வாட். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

இத்தனை சின்னப் பெட்டி இத்தனை வாட்டை எப்படித் தருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பிரிட்ஜுக்கு வைக்கும் பழைய ஸ்டெபிலைசரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவைதான் முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் நிறைய காந்தப்புலத்தை அந்த இரும்பு தாங்க வேண்டியிருப்பதால் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். எஸ்எம்பிஎஸ் வேறு வழியில் போகிறது. வரும் 230 வோல்ட் ஏசியை முதலில் டிசியாக்கி, சுமார் 390 வோல்ட்டுக்கு ஏற்றி, ஒரு குண்டுக் கெப்பாசிட்டரில் தேக்கி வைக்கும். பிறகு மாஸ்பெட் எனப்படும் மின்னணு சுவிட்சுகள் அதை விநாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்பும். ஒவ்வொரு வெட்டிலும் கடப்பது கொஞ்சமே என்பதால் உள்ளங்கையில் அடங்கும் டிரான்ஸ்பார்மர் போதும். அதிலிருந்து 12 வோல்ட், அதிலிருந்து மற்றவை. அந்தக் குண்டுக் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் வைத்திருக்கலாம். தயவுசெய்து எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள்.

12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொதுத் தரநிலையான ஏடிஎக்ஸில் நெடுங்காலமாக இருந்த விதி. வெளியே வரும் வயர்களில் ஒரு சாம்பல் நிற வயர் உண்டு. 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று மதர்போர்டுக்குச் சொல்வது அதன் வேலை. கேம் ஆரம்பித்ததும் கார்டு முழு மூச்சில் இழுக்க, 12 வோல்ட் தொய்ந்து, அந்தச் சிக்னல் விழுந்திருக்கிறது. மதர்போர்டு உடனே ரீஸ்டார்ட் செய்துவிட்டது. ஒருவகையில் அவனுக்கு அதிர்ஷ்டம்தான். அந்தச் சிக்னலை ஒழுங்காகத் தராத எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்திருந்தால் கார்டையும் சேர்த்துக் கொண்டு போயிருக்கலாம்.

சரி, எத்தனை வாட் வாங்குவது? அவன் கணக்கில் 287, மதர்போர்டு, ரேம், பேன் எல்லாவற்றுக்கும் ஒரு 50. சுமார் 340 வாட். நான் 550 சொன்னேன். இன்றைய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான பொழுதுக்குத் தங்கள் வாட்டைத் தாண்டி எகிறும். 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே, பெரிய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோ விநாடிக்குத் தங்கள் அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. அதற்காக இந்த மாதிரி சிஸ்டத்துக்கு 850 வாட் வாங்குவது வீண் செலவு. அந்தப் பணத்தில் தரமான 550 கிடைக்கும்.

எஸ்எம்பிஎஸ்களில் போட்டிருக்கும் 80 பிளஸ் என்ற தர முத்திரை சொல்வது மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டும்தான். 300 வாட் வேலைக்கு 80 சதவீத எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 375 வாட் எடுக்கும். 90 சதவீதம் என்றால் 333. தினமும் நாலு மணி நேரம் விளையாடினால் மாதம் 5 யூனிட் மிச்சம். அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். மே மாதச் சென்னையில் கேபினட்டுக்குள் 45 டிகிரி சாதாரணம். ஆகவே முழு வாட்டையும் 40 அல்லது 50 டிகிரியில் தருவதாக எழுதியிருக்கிறதா, உள்ளே 105 டிகிரி வரை தாங்கும் கெப்பாசிட்டர்களா என்று பாருங்கள். பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும்.

அப்புறம் இன்வெர்ட்டர். கரண்ட் போன பிறகும் அந்தக் குண்டுக் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்து நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி விநாடி சமாளிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் யூபிஎஸ் மோடில் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் மாறிவிடும். நார்மல் மோடில் அதற்குள் மாறாது, கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கட்டம் கட்டமாக ஏறி இறங்கும் மின்சாரம் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு புதிய எஸ்எம்பிஎஸ்கள் சில ஒத்துப்போவதில்லை. வீட்டு மின்சாரம் போலவே சீராக அலையும் சைன் வேவ் இருந்தால் கவலையில்லை.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய அன்று இரவு மறுபடி போன். "மாமா, கேம் சூப்பரா ஓடுது. ஆனா கேபினட்டத் தொட்டா சுர்ருன்னு இருக்கு. இதுவும் டூப்ளிகேட்டா?" இல்லை. மின் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்றுமாக இரண்டு சிறு கெப்பாசிட்டர்களை எஸ்எம்பிஎஸ்ஸில் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தகட்டில் பாதி வோல்ட்டேஜ், சுமார் 115 வோல்ட், வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை.