எந்த நெட் நல்லது என்று கேட்பதற்கு முன் உங்கள் வீதிக் கம்பத்தைப் பாருங்கள்

“ஏனுங்க, வீட்டுக்கு எந்த நெட்டு போடலாம்?” கோவையில் வீட்டு நெட்வொர்க், சிசிடிவி வேலை பார்ப்பவர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், ஆக்ட் என்று ஏதாவது ஒரு பெயர் பதிலாக வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, “உங்க வீடு எந்த வீதிங்க?”

ஒரே நிறுவனத்தின் இணைப்பு வடவள்ளியில் ஒரு வீதியில் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். இரண்டு வீதி தள்ளி வாரம் ஒருமுறை படுத்துவிடும். பில்லில் இருக்கும் பெயர் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். ஆனால் வீதிக்குள் ஃபைபர் இழுப்பதும், அறுந்தால் ஒட்டுவதும் பல இடங்களில் அந்தந்த ஏரியா ஆட்கள். கேபிள் டிவி நடத்தியவரே இன்று நெட்டும் கொடுக்கிறார். அவர் போன் எடுப்பவரா, ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்புவாரா என்பது எந்த விளம்பரத்திலும் இருக்காது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். அதனால் பிளான் பார்க்கும் முன் ஒரே கம்பத்திலிருந்து லைன் எடுத்திருக்கும் நாலு வீட்டில் விசாரியுங்கள். “நல்லா வருதுங்களா?” என்று கேட்டால் “பரவால்லீங்க” என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது நின்றது, சரிசெய்ய எத்தனை நேரம் ஆனது என்று கேளுங்கள்.

நம் ஊரில் லைன் அறுவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக உள்ளே வருகிறது. ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்தால் மெல்லிய ஃபைபர் தாங்காது. அணில் கடிப்பது தனிக் கணக்கு. மேலே போகாமல் பூமிக்குள் போன கேபிளை, பாதாளச் சாக்கடைக்கும் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கும் தோண்டுகிற ஜேசிபி பார்த்துக்கொள்ளும். அறுவதை யாராலும் தடுக்க முடியாது. அறுந்த அன்றே ஒட்டுகிற ஆளைத்தான் நாம் தேட வேண்டும்.

வாடிக்கையாளர்கள் யாரும் கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி கரண்ட் பற்றியது. மாதாந்திரப் பராமரிப்பு என்று துணை மின்நிலையத்தில் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலைதான் கரண்ட் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ரவுட்டர் எரிகிறது, ஆனாலும் நெட் இல்லை. கணபதியில் ஒரு வீட்டில் இதே புகார். வீட்டில் வேலை பார்க்கிற பெண் ஷட்டவுன் நாளிலெல்லாம் லீவு போட வேண்டியிருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே கம்பம் கம்பமாகப் போய்ப் பார்த்தால், மூன்றாவது வீட்டு மாடிச் சுவரில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே லைனைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சும், ஃபைபர் வெளிச்சத்தை மின் சிக்னலாக மாற்றும் கன்வெர்ட்டரும். அதற்கான கரண்ட் அந்த வீட்டு மீட்டரிலிருந்துதான் வருகிறது. பெட்டியில் பேட்டரி இருந்தது, உப்பிப்போய். அந்தப் பெட்டி அணைந்தால் அதைத் தாண்டி இருக்கும் எல்லா வீட்டுக்கும் நெட் கிடையாது.

ஜிபான் என்ற முறையில் வரும் ஃபைபரில் இந்தத் தொல்லை குறைவு. அதில் ஒரு லைனைப் பல வீட்டுக்குப் பிரிக்க வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. நிறுவனத்தின் தலைமைக் கருவிக்கும் உங்கள் வீட்டுக் கருவிக்கும் கரண்ட் இருந்தால் போதும். எனவே இணைப்புக் கொடுக்க வருபவரிடம், “இது ஜிபானா? நடுவுல கரண்ட்ல ஓடற பெட்டி ஏதாவது இருக்குங்களா? பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?” என்று கேட்டுவிடுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இணைப்பு வந்த அன்றே பவர் மீட்டர் வைத்து, ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். டிபிஎம் கணக்கில் மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தாண்டினால் விட்டு விட்டு வரும். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வீட்டுக்கு வெளிச்சமே வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது எங்கோ மடங்கியிருக்கும். அப்போது கஸ்டமர் கேரில் “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றால் பொழுதுதான் போகும். லைன்மேனை அனுப்பச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அந்த எண் இருந்தால்தான் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதற்குத்தான் எல்லாரும் தேவைக்கு மேல் பணம் கட்டுகிறார்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். டவுன்லோடு கணக்கில் 12.5 மெகாபைட்தான். இருவர் வீடியோ காலில் இருக்க, ஒருவர் டிவியில் படம் பார்க்கிற வீட்டுக்கு அதுவே தாராளம். “300 போட்டும் ரூமுக்குள்ள வர மாட்டீங்குது” என்பவர்கள் வீட்டில் ரவுட்டர் பெரும்பாலும் டிவி ஷோகேஸுக்குள் கதவு மூடிக் கிடக்கும். ரவுட்டரின் இரண்டு வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தாண்டும், வேகம் குறைவு. ரவுட்டரை வீட்டின் நடுவில் உயரமாக வைத்துப் பாருங்கள், அப்புறம் பிளானை மாற்றலாம். வேகத்தைச் சோதிப்பதானால் லேப்டாப்பில் கேபிள் செருகி, ஊரே படம் பார்க்கிற இரவு 9 மணிவாக்கில் சோதியுங்கள்.

தோட்டத்துக்கோ குடோனுக்கோ கேமரா வைத்து வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது வெளியிலிருந்து நெட் வரும் பக்கத்து ஐபி எண், 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் பொது முகவரியைப் பலரோடு பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். செயலி வழியாகப் பார்க்கிற கேமராவுக்குப் பிரச்சினை இல்லை. கேமரா பதிவாகும் டிவிஆர் பெட்டிக்குள் நேரடியாக நுழைய வேண்டுமென்றால், ஸ்டேடிக் ஐபி என்கிற மாறாத முகவரியைத் தனியாகக் கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

499 ரூபாய் பிளான் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து கைக்கு வரும் பில் 589. அன்லிமிடெட் என்று போட்டிருந்தாலும் மாத வரம்பு ஒன்று இருக்கும். 3,300 ஜிபி என்பது பல பிளான்களில் வழக்கம். அதை ஒரு சாதாரணக் குடும்பம் தொடாது, ஆனால் சின்ன ஆபரேட்டர் பிளானில் வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். ஒரு ஆடியைக் கடக்காத லைனுக்கு நான் மாதக் கட்டணம்தான் சொல்வேன். வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார் என்றால் கேபிள் இல்லாமல் டவர் சிக்னலில் வரும் 5ஜி ஏர்ஃபைபர் இருக்கிறது. டவர் பக்கத்தில் இருந்தால் நன்றாகவே வரும். மாட்டும் முன் மொட்டை மாடியில் சிக்னல் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

நெட் மாற்றுவதென்று முடிவெடுத்தாலும் பழையதை உடனே வெட்டாதீர்கள். புதிய லைன் ஒரு ஷட்டவுன் நாளையும் ஒரு நல்ல மழையையும் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். பழைய நிறுவனத்தின் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண்ணோடு ஒரு போட்டோ எடுத்து, ரசீதும் வாங்கி வையுங்கள். டெபாசிட் கேட்டுப் போன் செய்யும்போது முதலில் கேட்பது அதைத்தான்.